பல் இருக்கிறது, சொல் எங்கே?

தம்பி, முதலில் உன் மேசை இழுப்பறையைத் திற. அந்தப் பன்னிரண்டு அறை பிளாஸ்டிக் டப்பாவை வெளியே எடு. அறைக்கு ஒன்றாகப் பஞ்சில் படுத்திருக்கும் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் பாறை என்று சொல்லிப் பார். எத்தனைக்குச் சொல்ல முடிகிறது? ஐந்துக்கா? போன வருடம் கேட்டிருந்தால் எட்டுக்குச் சொல்லியிருப்பாய். அடுத்த வருடம் இரண்டுக்குச் சொன்னால் அதிகம். அதனால்தான் இத்தனை அவசரம். மற்ற புத்திமதிகளை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். இது இன்றிரவு, நீ படுக்குமுன் முடிய வேண்டிய வேலை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். புதைபடிவப் பல்லுக்கு அது நேர்மாறு. பல் எங்கும் போகாது. ஏழு கோடி, ஒன்பது கோடி ஆண்டைத் தாண்டி வந்தது, உன் இழுப்பறையிலும் பத்திரமாக இருக்கும். போவது சொல்தான். எங்கே கிடந்தது, எந்த மண்ணில், எதன் பக்கத்தில் என்கிற அந்த ஒரு வரி. அது போன பிறகு உன்னிடம் மிஞ்சுவது பளபளப்பான ஒரு கறுப்புக் கல்.

பல் சேர்ப்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. டைனோசரின் உடம்பில் பல் அளவுக்குத் தாராளமாகக் கிடைப்பது வேறு எதுவும் இல்லை. நமக்குப் பால்பல் ஒரே ஒரு முறை விழுகிறது. அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தோம், கதை முடிந்தது. டைனோசருக்கோ ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைத்தது. பல்லின் உள்ளே நாளுக்கு ஒன்றாகப் படிந்த மெல்லிய கோடுகளை எண்ணி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டிப்ளோடோகஸ் ஏறக்குறைய 35 நாளுக்கு ஒரு முறை பல் மாற்றியது. மடகாஸ்கரில் வாழ்ந்த மஜுங்காசாரஸ் என்ற ஊனுண்ணிக்கு 56 நாள். அத்தனையும் ஆற்றிலும் சேற்றிலும் விழுந்தன. எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள், எனவே எலும்பு மக்கிப்போன இடத்திலும் பல் நிற்கிறது. மழை கழுவி வெளியே தள்ளிய ஒரு பல்லை யாருமே எடுக்காவிட்டால், இரண்டு மூன்று மழையில் அது சிதறிப் போகும். குனிந்து எடுத்தவன் அதைக் காப்பாற்றினான் என்றே வைத்துக்கொள்ளலாம். எடுத்த இடத்தை எழுதி வைத்தானா என்பதுதான் என் கேள்வி.

இந்தத் துறையே பல்லில் ஆரம்பித்தது, உனக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் கிடியன் மான்டெல் என்றொரு வைத்தியர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் கல் குவாரிகளில் கழித்தவர். 1822 வாக்கில் அவர் கைக்குச் சில பெரிய, தேய்ந்த பற்கள் வந்தன. லண்டன் பண்டிதர்களிடம் காட்டினார். மீனின் பல் என்றார்கள், இல்லாவிட்டால் மேல்மண்ணில் புதைந்த ஏதோ பாலூட்டியின் பல் என்றார்கள். பாரிஸில் இருந்த குவியே என்ற பண்டிதரைவிடப் பெரிய ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. அவரே முதலில் காண்டாமிருகம் என்று சொல்லிவிட்டு, பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். மான்டெல் மட்டும் ஏன் அசையவில்லை? பல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அது மேல்மண் இல்லை. பெரிய பாலூட்டிகள் தோன்றும் முன்பே படிந்த பழைய அடுக்கு. 1825-இல் அந்தப் பல்லுக்குரிய விலங்குக்கு இகுவானோடான் என்று பெயர் வைத்தார். வடிவத்தை மட்டும் பார்த்த மேதைகள் சறுக்கினார்கள், இடம் தெரிந்த வைத்தியர் நின்றார். அவர் அன்று சந்தையில் வாங்கிய பல்லைக் கொண்டுபோயிருந்தால் காண்டாமிருகம் என்ற தீர்ப்போடு வீடு திரும்பியிருப்பார்.

உன் டப்பாவில் முதலைப் பல் மாதிரி கூம்பாக ஒன்று இருக்கிறதே, ஆன்லைனில் வாங்கியது, ‘ஸ்பைனோசாரஸ், மொராக்கோ’ என்று அட்டை ஒட்டியிருக்கும். அதன் குலக்கதையைச் சொல்கிறேன், கேள்.

எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் கிடைத்த எலும்புகளை வைத்து, எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் 1915-இல் ஸ்பைனோசாரஸ் என்று பெயரிட்டார். எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1944 ஏப்ரலில் விமானக் குண்டு விழுந்து அந்தக் கட்டடம் எரிந்தது. உலகத்தில் இருந்த ஒரே ஸ்பைனோசாரஸ் சாம்பலானது. ஆனால் ஸ்ட்ரோமர் ஒவ்வொரு எலும்பையும் அளந்து, வரைந்து, எந்தப் படிவத்தில் கிடைத்தது என்று எழுதி அச்சிட்டிருந்தார். பிறகு ஏறக்குறைய எழுபது ஆண்டு உலகம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஸ்பைனோசாரஸைப் பற்றிப் பேசியது. பொருள் எரிந்தும் சொல் நின்றது.

இப்போது மறுபக்கம். 2008-இல் நிஜார் இப்ராஹிம் என்ற இளம் ஆய்வாளர் மொராக்கோவின் எர்ஃபூத் ஊருக்குப் போகிறார். சஹாராவின் ஓரத்தில், புதைபடிவ வியாபாரமே பிழைப்பாக இருக்கும் ஊர். அங்கே ஒரு மீசைக்காரர் அட்டைப்பெட்டியில் சில எலும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார். அடுத்த வருடம் இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் இப்ராஹிமுக்கு வேறு சில எலும்புகளைக் காட்டுகிறார்கள். ஒரு வியாபாரி மூலமாக அங்கே வந்து சேர்ந்தவை. அதே கல், அதே நிறம், அதே சாயல். இரண்டும் ஒரே விலங்கின் எலும்புகளோ என்று அவருக்குப் பொறி தட்டுகிறது. ஆனால் தோண்டிய குழி எங்கே? பெட்டியில் சீட்டு இல்லை. மிலானிலும் சீட்டு இல்லை. இருப்பதெல்லாம் ஒரு மீசையின் ஞாபகம். பெயர் தெரியாது, முகவரி தெரியாது. 2013-இல் மறுபடி எர்ஃபூத் போய்த் தேடு தேடென்று தேடி, கை விரித்துவிட்டு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மீசைக்காரர் கடையைத் தாண்டி நடந்து போகிறார்!

ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவர் மலைச்சரிவுக்கு அழைத்துப் போய்க் குழியைக் காட்டினார். 2014-இல் கட்டுரை வந்தது. அதே குழியை மீண்டும் தோண்டியபோது வால் கிடைத்தது. 2020-இல் அதைப் பற்றி எழுதினார்கள். துடுப்பைப் போல அகன்ற வால். இந்தப் பிராணி தண்ணீரில் எவ்வளவு காலம் கழித்தது என்று இன்றும் நடக்கும் சண்டைக்கு அந்த வால்தான் முக்கிய சாட்சி. தம்பி, அந்த மனிதர் அன்றைக்கு வேறு தெருவில் போயிருந்தால்? மிலானில் இருந்த எலும்புகள் இன்றைக்கும் அநாதைகள். வாலோ பாறைக்குள்ளேயே கிடக்கும். உன் பல்லும் அதே பாறைக்கூட்டத்தில் எங்கோ ஒரு குழியிலிருந்து வந்ததுதான். உனக்காகத் தேநீர்க் கடை வாசலில் எந்த மீசையும் நடந்து போகப் போவதில்லை.

அந்தக் குழிகளை யார் தோண்டுகிறார்கள் என்றும் யோசி. மொராக்கோவின் கெம் கெம் பகுதியில் மலைச்சரிவைக் குடைந்து, ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் குறுகலான சுரங்கம் போட்டு, கையால் வெட்டி எடுக்கிறார்கள். வறண்ட பூமி. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பல் மலையிலிருந்து எர்ஃபூத்துக்கும் அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும் போகும் வழியில் பத்துக் குழிகளின் பற்கள் ஒரே கோணியில் கலந்துவிடுகின்றன. ஒருமுறை போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கெம் கெம்மில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கிடைத்தவற்றை மட்டும் எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களில் ஏறக்குறைய 45 சதவீதம் ஸ்பைனோசாரஸ். அது ஆற்றில் வாழ்ந்தது என்பதற்கு அந்த விகிதத்தையே ஆதாரமாக வைத்தார்கள். தனிப் பல்லாகப் பார்த்தால் எதற்கும் விலை கிடையாது. இடத்தோடு எண்ணியதால் மட்டுமே அது செய்தியானது.

வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. வாங்காதே என்றால் நீ கேட்கமாட்டாய். இடம் எழுதித் தராதவனிடம் வாங்காதே. ‘மொராக்கோ’ என்பது இடமில்லை. ‘தமிழ்நாடு’ என்று எழுதி அனுப்பினால் உன் வீட்டுக்குத் தபால் வந்து சேருமா? இயல்பாக விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது, கரைந்திருக்கும். நீள வேரோடு விலை ஏற்றி விற்கிற பற்களில் பல, ஒன்றன் தலையை இன்னொன்றன் வேரில் ஒட்டி, இடைவெளியில் மண்ணும் பசையும் பூசியவை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தடவினால் பல நேரம் குட்டு உடையும். கெட்டிக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். பிரேசிலில் இருந்து வந்த ஒரு மண்டையோட்டின் மூக்கை வியாபாரிகள் சாந்து வைத்து நீட்டியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள், வந்த எரிச்சலையே பெயராக்கி 1996-இல் இர்ரிட்டேட்டர் என்று வைத்தார்கள். அதுவும் ஸ்பைனோசாரஸின் சொந்தக்காரப் பிராணிதான். மங்கோலியப் பற்களைத் தொடவே தொடாதே. அந்த நாட்டிலிருந்து புதைபடிவம் வெளியேறுவது சட்டவிரோதம். நியூயார்க்கில் 2012-இல் பத்து லட்சம் டாலருக்குமேல் ஏலம் போன டார்போசாரஸ் எலும்புக்கூடு மறு வருடமே மங்கோலியாவுக்குத் திரும்பியது. நடிகர் நிக்கோலஸ் கேஜ் வாங்கிய மண்டையோட்டையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டுக் கதை போதும். நம் வாசலுக்கு வருவோம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நீ இந்த விடுமுறையில் கிளம்புவதாகச் சொன்னாய். உளியும் சுத்தியலும் வாங்கிவிட்டதாகவும் சொன்னாய். காரை, கொளக்காநத்தம் பள்ளங்களை நான் நன்றாக அறிவேன். மழை அரித்த செம்மஞ்சள் களிமண் மேடுகள், இடையிடையே வெயிலில் மின்னும் ஜிப்சக் கீற்றுகள், காலடியில் சுருள் கல்லும் அம்புமுனை போன்ற பெலம்னைட்டும். அது அந்தக் காலத்துக் கடலடி. அதில் சுறாப் பல் உண்டு, மீன்பல்லி என்னும் இக்தியோசாரின் பல்லும் உண்டு. 1840களில் வெள்ளைக்காரர்கள் சேகரிக்கத் தொடங்கிய மண். 1860களில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைந்த மண். இன்று சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மண்ணும் இதே வட்டாரம்தான்.

டைனோசருக்கு அரியலூர் பக்கம் கல்லமேடு போகவேண்டும். அங்கே புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் எடுத்த எலும்புகளில் ஒரு கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். புருஹத்காயோசாரஸ் என்று 1987-இல் பெயர் வைத்தார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய மிருகங்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்பு நீர் ஊறி நொய்ந்துபோயிருந்தது. அருங்காட்சியகம் சேரும் முன்பே பொடியாய் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியவை குறிப்பு, வரைபடம், சில புகைப்படங்கள், இடத்தின் பெயர். அய்யாசாமி பிற்காலத்தில் அந்தப் படங்களை வெளியிட்டார். அவற்றை வைத்துத்தான் இன்றைக்கும் அதன் எடையைப் பற்றி உலகத்தில் வாதம் நடக்கிறது. மியூனிக்கில் தீ செய்ததை இங்கே ஈரம் செய்தது. இரண்டு இடத்திலும் காப்பாற்றியது காகிதம்.

அதே கல்லமேட்டு மண்ணில்தான் ஒரு விசேஷமான பல்லும் கிடைத்தது. ஒற்றைப் பல், மிகச் சிறியது. ஜி.வி.ஆர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி முதலானோர் ஆராய்ந்து, இது ட்ரூடோன்டிட் என்னும் பறவைச் சாயல் டைனோசர் வகை என்று 2013-இல் எழுதினார்கள். அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்த குடும்பம், தெற்கே தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் எப்படி? அப்படி ஒரு கேள்வியை எழுப்பியது அந்தச் சின்னஞ்சிறு பல். தம்பி, அதை நீ முதலில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்? உண்மையைச் சொல். டப்பாவின் ஏழாவது அறையில் போட்டிருப்பாய். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருப்பாய். ஆறு மாதம் கழித்து அது காரையா கல்லமேடா என்று உனக்கே தெரிந்திருக்காது.

கோபித்துக்கொள்ளாதே. நான் செய்ததைத்தான் சொல்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் இரண்டு நாள் பயணமாக அந்தப் பக்கம் போனேன். முதல் நாள் காரையில் ஒரு சுறாப் பல் எடுத்தேன். மறுநாள் கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவியலில் இன்னொன்று. இரண்டையும் ஒரே ஃபிலிம் டப்பாவில் போட்டுக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஊர் திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம், நல்ல காற்று, தூக்கம். மறுநாள் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. எழுதவில்லை. இரண்டு பாறைக்கும் நடுவே குறைந்தது இரண்டு கோடி ஆண்டு இடைவெளி. எது எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு புவியியல் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ‘நல்ல பல்’ என்று சொல்லி என் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தார். அந்த ‘நல்ல பல்’ இன்னும் வலிக்கிறது.

ஆகையால் சொல்வதைக் கேள். களத்தில் பல்லைப் பார்த்ததும் கையை நீட்டாதே, போனை நீட்டு. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, கிடந்தபடியே ஒரு படம். நாலடி பின்னால் போய்ச் சுற்றுப்புறத்தோடு ஒரு படம். வரைபடத்தில் இடத்தைக் குத்திச் சேமித்துக்கொள். மண்மேல் உதிர்ந்து கிடந்ததா, பாறையில் பதிந்திருந்ததா என்று எழுது, இது பெரிய வித்தியாசம். ஓடையில் உருண்டு வந்த பல்லுக்குச் சொந்த ஊர் மேலே எங்கோ இருக்கும். தேதி எழுது. யார் கூட வந்தார்கள் என்பதையும் எழுது, உனக்கு மறந்தாலும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதுவது பென்சிலாக இருக்கட்டும், பால்பாயின்ட் மை மங்கிவிடும். சீட்டும் பல்லும் ஒரே உறையில் போகவேண்டும், ஒரு பல்லுக்கு ஓர் உறை. உடைந்தால் ஃபெவிக்விக் ஊற்றாதே, துண்டுகளை அப்படியே மடித்து வை.

இன்னொன்று. பல் தாடையோடு இருந்தால், அல்லது பக்கத்தில் எலும்பு தெரிந்தால், உன் வேலை அங்கேயே முடிந்தது. உளியை எடுக்காதே. மண்ணைத் திரும்ப மூடிவிட்டு, படத்தையும் இடத்தையும் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகில் உள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ, வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ சொல். பதில் வரத் தாமதமாகலாம். இரண்டு தடவை, மூன்று தடவை சொல். பெரம்பலூர் பக்கம் குன்னத்தில் 2020-இல் உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது நினைவிருக்கிறதா? முட்டை இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. உருண்டைக் கல்லானால் சிரித்துவிட்டுப் போகலாம். நிஜமான எலும்பாக இருந்து அத்தனை பேர் கையும் பட்டிருந்தால்?

பல்லை எடுக்க யாரைக் கேட்கவேண்டும் என்கிறாய். அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் புதைபடிவத்தை, ஒரு பல்லாக இருந்தாலும், அனுமதிச் சீட்டில்லாமல் எடுக்கக்கூடாது என்று 2009-இல் சட்டமே வந்துவிட்டது. இங்கே புவிமரபுக்கென்று ஒரு மசோதாவின் வரைவை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. சட்டம் வரும்வரை அள்ளிக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. அந்த மேடு யாரோ ஒருவரின் பட்டா நிலம், அல்லது புறம்போக்கு, அல்லது குத்தகைக் குவாரி. ஆடு மேய்க்கும் பெரியவரிடம் வணக்கம் சொல்லி, யாருடைய இடம் ஐயா என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்? பல தடவை எந்த ஓடையில் என்ன கிடைக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவருக்குக் காசைக் காட்டி எடுத்துவரச் சொல்லாதே. இரண்டு விடுமுறை அப்படிப் போனால் காரையும் எர்ஃபூத் ஆகிவிடும்.

பொழுதுபோக்குக்காரனால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்கிறாயா? இங்கிலாந்தின் கிம்மெரிட்ஜ் கடற்கரையில் ஸ்டீவ் எட்சஸ் என்று ஒருவர். தொழில் பிளம்பர். பல வருடம் கடலோரம் நடந்து, எடுத்த ஒவ்வொன்றையும் எந்த அடுக்கு என்று பதிந்து வைத்தார். அவர் சேகரிப்புக்கென்றே 2016-இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆய்வாளர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பிளம்பர், ஒரு வங்கி ஊழியர், ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஏன் இருக்கக்கூடாது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உன்னை மனத்தில் வைத்தும் நினைத்ததுண்டு.

சரி, மணி ஆகிறது. டப்பா திறந்தே இருக்கிறதா? ஞாபகம் இருக்கிற ஐந்தை முதலில் எழுது, நிச்சயமானதை நிச்சயம் என்று. அரைகுறை ஞாபகத்தை அரைகுறை என்றே எழுது, கேள்விக்குறி போட வெட்கப்படாதே. வாங்கியதற்கு யாரிடம், எப்போது, அவன் சொன்ன இடம் எது என்று எழுது. அன்று உன்னோடு வந்த நண்பனுக்கு இப்போதே போன் போடு, தூங்கியிருந்தாலும் எழுப்பு. ஊகத்தால் மட்டும் எந்தச் சீட்டையும் நிரப்பிவிடாதே. பொய்ச் சீட்டுக்கு வெற்றுச் சீட்டே மேல்.

நானும் போன வாரம் என் ஃபிலிம் டப்பாவைத் திறந்து, இத்தனை வருடம் கழித்து, சீட்டு எழுதி உள்ளே வைத்தேன். ‘சுறாப் பல் 2. ஒன்று காரை, மற்றது கல்லங்குறிச்சி. எது எது என்று தெரியவில்லை. எடுத்தவன் எழுதாமல் விட்டான்.’